போதை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுவுக்கோ வேறு போதைப் பொருளுக்கோ மையத்தில் தங்கிச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களும், அவர்களுடைய குடும்பத்தாரும் முதல் ஓராண்டில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். சில கேள்விகள் திரும்பியவருடையவை, சில வீட்டாருடையவை. இரு தரப்பாரும் எல்லாவற்றையும் படிப்பது நல்லது. மற்றவர் எதை வாய்விட்டுக் கேட்கத் தயங்குகிறார் என்பது அப்போது புரியும். மருந்து தொடர்பான முடிவுகளை உங்கள் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

மையத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்துவிட்டார். இனிக் குணமாகிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

உடலிலிருந்து மது வெளியேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். குடியை நிறுத்திய சில மணி நேரத்தில் தொடங்கும் கை நடுக்கம், முதல் 2 நாட்களில் வரக்கூடிய வலிப்பு, 2 முதல் 4 நாட்களுக்குள் சிலருக்கு வரும் கடுமையான மனக்குழப்பம் ஆகியவற்றை அவர் மருத்துவக் கண்காணிப்பில் கடந்து வந்திருக்கிறார். ஆனால் மது கிடைக்காத ஓர் இடத்தில் கற்றுக்கொண்டதை, மது கிடைக்கும் இடத்தில் அவர் இனிமேல்தான் செய்துபார்க்கப் போகிறார்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாடு, போதைக்கான ஏக்கம் ஒன்றைத் தவிர வேறு அறிகுறிகள் இல்லாமல் 3 மாதங்கள் கடந்தால் அதைத் தொடக்கத் தணிவு என்றும், 12 மாதங்கள் கடந்தால் நீடித்த தணிவு என்றும் குறிக்கிறது. சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் மீண்டும் போதையைத் தொடுகிறார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணிப்பு. உயர் இரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் மருந்தையும் கட்டுப்பாட்டையும் விட்டு மறுபடி நோய்வாய்ப்படும் அளவும் இதற்குக் குறைந்ததல்ல. அவர்களை யாரும் மனவுறுதி இல்லாதவர்கள் என்று சொல்வதில்லை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

குடிக்கவில்லை என்கிறார். ஆனால் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், தூங்குவதில்லை, எதிலும் பிடிப்பில்லை. மறைத்துக் குடிக்கிறாரோ?

பெரும்பாலும் இது குடியை விட்டதன் தொடர்ச்சியாகத்தான் இருக்கும். பல ஆண்டுகள் வெளியிலிருந்து வந்த தூண்டுதலுக்குப் பழகிவிட்ட மூளை, சாதாரண மகிழ்ச்சிகளைப் பழையபடி உணர மாதக்கணக்கில் அவகாசம் எடுக்கும். உணவு ருசிக்கவில்லை, பாட்டு பிடிக்கவில்லை, பேரக்குழந்தை மடியில் வந்து உட்கார்ந்தாலும் உள்ளே ஒன்றும் நிகழவில்லை என்று அவர் சொல்வது நடிப்பல்ல. தூக்கம் சீராகவும் சில மாதங்கள் ஆகலாம். இனிப்பின் மீது திடீரென்று ஆசை வருவதும் வழக்கம்தான். கல்லீரலில் சேர்ந்த கொழுப்போ, மதுவை முற்றிலும் விட்ட சில வாரங்களிலேயே குறையத் தொடங்கிவிடும். உடல் முந்திக்கொள்கிறது, மனம் பின்னால் வருகிறது. இந்த இடைவெளியில்தான் பலர் ‘விட்டு என்ன கண்டேன்?’ என்று கேட்கிறார்கள்.

இந்தச் சோர்வு இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் குறையாமல் நீடித்தால் மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்க்க வேண்டும். தூக்கத்துக்காகக் கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. தூக்க மாத்திரைகளில் சில, மது வேலை செய்யும் அதே வழியில் வேலை செய்து புதிய அடிமைத்தனத்தை உண்டாக்கும்.

அவர் வருவதற்கு முன் வீட்டில் என்ன செய்து வைக்க வேண்டும்?

போதைப் பொருள், காலிப் புட்டி, அதற்கென்றே வைத்திருந்த டம்ளர் எல்லாவற்றையும் அகற்றிவிடுங்கள். அலமாரியின் மேல்தட்டு, தண்ணீர்த் தொட்டியின் பின்புறம், வண்டியின் பெட்டி ஆகியவற்றைத் தேடுவதைவிட, எங்கெங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று அவரிடமே கேட்டு, அவரே எடுத்துத் தரச் சொல்வது மேல். வேறொருவருக்கான வலி மாத்திரை, தூக்க மாத்திரை இருந்தால் பூட்டி வையுங்கள். உறவினரைத் திரட்டி வரவேற்பு நடத்த வேண்டாம். வழக்கமான சாப்பாடும் வழக்கமான பேச்சும் போதும்.

ஏக்கம் வரும்போது என்ன செய்வது? மனத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

அடக்கிக்கொண்டு உட்காருவதுதான் மிகக் கடினமான வழி. ஏக்கம் ஏறி, உச்சத்தைத் தொட்டு, இறங்கக்கூடியது. பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடங்களுக்குள் அதன் வேகம் தணிந்துவிடும். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதைக் கடலலையோடு ஒப்பிட்டு, அலையை எதிர்த்து நிற்காமல் அதன்மேல் மிதந்து கடக்கும் பயிற்சியைக் கற்பித்தார். ஏக்கம் உடலில் எங்கே தெரிகிறது, தொண்டையிலா, வயிற்றிலா, விரல்களிலா என்று கவனித்து, அது ஏறுவதையும் இறங்குவதையும் ஓர் அயலாரைப் போலப் பார்த்துக்கொண்டிருப்பதே அந்தப் பயிற்சி. ஒருமுறை அது தானாக இறங்குவதைப் பார்த்துவிட்டவருக்கு அடுத்த முறை பயம் பாதியாகிவிடும்.

அதற்கு முன் எளிய ஒன்றைச் சோதியுங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் ஏதேனும் இருக்கிறதா? மாலை ஆறரை மணிக்கு வேலை முடிந்து, மதியம் சரியாகச் சாப்பிடாத வயிற்றோடு, மேலதிகாரி பேசியதை நினைத்துக்கொண்டு, பழைய வழியிலேயே தனியாக நடந்து வருகிறவருக்கு இந்த நான்கும் ஒரே நேரத்தில் சேர்ந்துவிடுகின்றன. அவருக்கு மனவுறுதியைப் பற்றிய உபதேசம் தேவையில்லை. ஐந்தரை மணிக்கு வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டு, வேறு வழியில், யாரோடாவது தொலைபேசியில் பேசிக்கொண்டே வந்தால் போதும்.

ஒரு சிறு குறிப்பேட்டில் ஏக்கம் வந்த நாள், நேரம், அதற்கு முன் நடந்தது ஆகியவற்றை ஒரு வரியில் எழுதி வையுங்கள். மூன்று வாரங்களில் உங்கள் ஆபத்தான நேரங்கள் எவை என்பது அதில் தெளிவாகத் தெரிந்துவிடும். சம்பள நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு குறிப்பிட்ட நபருடன் பேசி முடித்த பிறகு என்று ஒவ்வொருவருக்கும் அது வேறுபடும். மகிழ்ச்சியான நாட்களும் அந்தப் பட்டியலில் இடம்பெறுவதைப் பார்த்துப் பலர் வியப்படைகிறார்கள்.

பழைய நண்பர்களை முழுவதும் விட்டுவிட வேண்டுமா? விசேஷங்களுக்குப் போகலாமா?

குடி மட்டுமே பொதுவாக இருந்த நட்பை விட்டுவிடத்தான் வேண்டும். மற்றவர்களிடம், ‘மருத்துவர் நிறுத்தச் சொல்லிவிட்டார்’ என்று ஒரே வரியில் சொன்னால் போதும். விளக்கம் நீண்டால் வாதம் தொடங்கிவிடும். முதல் சில மாதங்கள் மது பரிமாறும் நிகழ்ச்சிகளைத் தவிர்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போயே தீர வேண்டுமென்றால் விஷயம் தெரிந்த ஒருவருடன் செல்லுங்கள், சாப்பிட்டுவிட்டுச் செல்லுங்கள், கையில் வேறொரு பானத்தை வைத்துக்கொள்ளுங்கள், நினைத்த நேரத்தில் கிளம்ப வண்டிக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கொஞ்சமாக, எப்போதாவது, பீர் மட்டும்?

அடிமைநிலையை அடைந்திருந்தவருக்கு வேண்டாம். ‘ஆல்கஹால் இல்லாத’ பீர் என்று விற்கப்படுவதில்கூடப் பல நாடுகளில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்க அனுமதி உண்டு. அந்த அளவைவிட அதன் வாசனையும் கசப்பும் கிளப்பிவிடும் நினைவே பெரிய ஆபத்து.

மருந்துகளை எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? அவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாமா?

கலந்து கொடுக்கவே கூடாது. இந்தக் கேள்வி பெரும்பாலும் டைசல்ஃபிரம் என்ற மருந்தைப் பற்றியதாகவே இருக்கிறது. ஆல்கஹால் உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருள் மேற்கொண்டு சிதையாமல் இந்த மருந்து தடுத்துவிடுகிறது. அதனால் குடித்தவுடன் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் சரியலாம். இதய நோய் உள்ளவருக்கு உயிரே போகலாம். மருந்தை நிறுத்திய பின்னும் 14 நாட்கள் வரை இந்த விளைவு நீடிக்கக்கூடும். குடித்தால் இப்படி ஆகும் என்று தெரிந்து, அந்த அச்சத்தைத் துணையாகக் கொண்டு குடிக்காமலிருப்பதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை. தெரியாமல் கொடுக்கும்போது அந்த அடிப்படை போய், ஆபத்து மட்டும் மிஞ்சுகிறது. விஷயம் வெளிப்பட்டால், வீட்டில் வைக்கும் எந்தத் தட்டையும் அவர் சந்தேகமில்லாமல் தொட மாட்டார். தெரிந்து சாப்பிடுகிறவர்களும் ஆல்கஹால் கலந்த இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் திரவம் போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும்.

நால்ட்ரெக்சோன், அகாம்புரோசேட் ஆகியவை வேறு வகை. முன்னது குடியால் கிடைக்கும் இன்பத்தைக் குறைக்கிறது. ஆனால் ஓபியாய்டு வகை (அபினியைப் போல வேலை செய்யும்) வலி மருந்துகளையும் வேலை செய்யவிடாமல் தடுக்கும் என்பதால், அறுவை சிகிச்சை ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பின்னது சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்துத்தான் தருவார்கள். எவ்வளவு காலம் என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்பது நிறுத்துவதற்கான காரணம் ஆகாது.

ஹெராயின், வலி ஊசி போன்றவற்றிலிருந்து மீண்டவருக்கும் இதே விதிகள்தானா?

ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் வீட்டில் எல்லோரும் இதை அறிந்திருக்க வேண்டும். ஓபியாய்டை விட்ட சில வாரங்களிலேயே உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். முன்பு வழக்கமாக எடுத்த அளவையே மீண்டும் எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். சிகிச்சை மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்களில் மரணங்கள் அதிகம் நிகழ்வது இதனால்தான். எழுப்பினாலும் எழாமை, மிக மெதுவான அல்லது குறட்டை போன்ற மூச்சு, ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிய கண்மணி, நீலம் பாய்ந்த உதடு ஆகியவை அறிகுறிகள். உடனே அவசர உதவியை அழையுங்கள். நலாக்சோன் இருந்தால் கொடுங்கள். அது ஓபியாய்டின் விளைவைத் தற்காலிகமாக முறிக்கும், ஆனால் அதன் வேகம் தணிந்ததும் மயக்கம் திரும்பக்கூடும் என்பதால் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள்.

ஓபியாய்டு அடிமைநிலைக்குச் சிகிச்சையாகத் தரப்படும் மெத்தடோன், பியூப்ரினார்ஃபின் ஆகிய மருந்துகளைச் சாப்பிடுகிறவரை ‘ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொண்டார்’ என்று உறவினர் பேசுவதுண்டு. அளவோடு, மருத்துவர் கண்காணிப்பில் எடுக்கப்படும் இந்த மருந்துகள் இறப்பைப் பெருமளவு குறைக்கின்றன. பிறர் பேச்சுக்காக அவற்றை நிறுத்துவது மிக ஆபத்தானது.

மூன்று மாதமாகக் குடிக்கவில்லை. இன்னும் என்னை நம்ப மறுக்கிறார்கள். எப்போது நம்புவார்கள்?

பல ஆண்டுகளாக உடைந்தது மூன்று மாதத்தில் ஒட்டாது என்று வீட்டார் சொல்வார்கள். விட்டபிறகும் குற்றவாளியாகவே நடத்துகிறார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். இரண்டும் உண்மை.

இந்தக் காட்சி பல வீடுகளில் நடக்கிறது. அவர் அரை மணி நேரம் தாமதமாக வருகிறார். கதவைத் திறக்கும் மனைவி வழக்கத்தைவிட ஒரு அடி அருகில் வந்து நின்று, ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேட்கிறார். கேள்வி சாப்பாட்டைப் பற்றியது இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பதில் சொல்லாமல் உள்ளே போகிறார். அந்த மௌனத்தை மனைவி தன் சந்தேகத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறார். இரவு சண்டை வருகிறது. ‘குடிக்காமல் இருக்கும்போதே இந்தப் பாடு, இதற்குக் குடித்துவிட்டே திட்டு வாங்கியிருக்கலாம்’ என்று அவர் சொல்ல, அந்த வீட்டில் அன்று யாருமே குடிக்காமல் குடித்த நாளின் சண்டை முழுதும் நடந்து முடிகிறது.

ஒளிந்து சோதிப்பதை வெளிப்படையான ஏற்பாடாக மாற்றிக்கொள்வதுதான் நாங்கள் பரிந்துரைக்கும் வழி. ஆலோசகர் முன்னிலையில் நான்கைந்து விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். வீடு திரும்பும் நேரம் என்ன, தாமதமானால் யார் யாருக்குச் சொல்வது, மாத்திரையைக் காலைச் சாப்பாட்டின்போது மற்றவர் பார்க்கச் சாப்பிடுவதா, மூச்சு அல்லது சிறுநீர்ப் பரிசோதனை தேவையென்றால் அதை வீட்டில் செய்யாமல் மையத்தில் எந்த நாட்களில் செய்வது என்பவை அதில் இருக்கட்டும். அதற்கு ஈடாக, சட்டைப்பையைத் துழாவுவதில்லை, தொலைபேசியை எடுத்துப் பார்ப்பதில்லை, சண்டையில் பழைய சம்பவங்களை இழுப்பதில்லை என்று வீட்டார் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துத் தளர்த்த வேண்டும். தளர்த்தும் தேதி முன்பே தெரிந்திருந்தால் கண்காணிப்பைத் தாங்கிக்கொள்ள முடிகிறது. முடிவே இல்லாத கண்காணிப்பு சிறைவாசம்.

திரும்பியவருக்கு ஒன்று: பெரிய வாக்குறுதிகள் இனிச் செல்லாது. உங்கள் வீட்டார் அவற்றை நிறையக் கேட்டுவிட்டார்கள். ‘ஏழு மணிக்கு வருகிறேன்’ என்று சொல்லி ஏழு மணிக்கு வந்து நிற்பது, அதைப் பல மாதங்கள் திரும்பத் திரும்பச் செய்வது, இதுவே அவர்களுக்குப் புரியும் மொழி.

சம்பளத்தை அவர் கையில் கொடுக்கலாமா?

முதல் சில மாதங்கள் அன்றாடச் செலவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் குடும்பத்தில் ஒருவர் நிர்வகிக்கும்படி அவரே சம்மதித்துச் செய்வது நல்லது. கடன்களின் முழுப் பட்டியலை ஒரே நாளில் எழுதி முடித்துவிடுங்கள். மறைத்து வைத்த ஒரு கடன் மறுபடி குடிக்கக் காரணமாவதுண்டு.

இத்தனை நாள் தவித்தோம். இப்போது அவர் குடிப்பதில்லை, ஆனால் எனக்குத்தான் கோபம் கோபமாக வருகிறது. ஏன்?

ஆபத்து இருந்தவரை கோபப்பட உங்களுக்கு நேரம் இருக்கவில்லை. இப்போது வீடு அமைதியானதும் அது வெளியே வருகிறது. இது இயல்புதான். ஆனால் அதைக் கொட்டுவதற்கு அவர் மட்டுமே இடமாக இருக்கக் கூடாது. உங்களுக்கென்று ஓர் ஆலோசகரோ குடும்பத்தாருக்கான குழுவோ வேண்டும்.

இதற்குள் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. அவர் குடித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் வரவு செலவு, பிள்ளைகளின் படிப்பு, உறவினர் விவகாரம் எல்லாவற்றையும் நீங்கள் தனியாகச் சுமந்து, அதில் கைதேர்ந்தும் விட்டீர்கள். இப்போது அவர் தெளிந்து வந்து, ‘என்னைக் கேட்காமல் ஏன் செய்தாய்?’ என்கிறார். கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு. எரிச்சல்பட உங்களுக்கும் காரணம் உண்டு. பொறுப்புகளை ஒரே நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றாக, தவறினாலும் பெரிய சேதம் இல்லாதவற்றிலிருந்து தொடங்குங்கள். முன்பு இருந்தபடியே எல்லாம் திரும்ப வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். பேச அனுமதி இல்லை என்பதும் தெரியும். வயதுக்கேற்ற எளிய சொற்களில் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: அப்பாவுக்கு ஒரு நோய் இருந்தது, அது நீ செய்த எதனாலும் வரவில்லை, அதைச் சரிசெய்வது உன் வேலை இல்லை. பரீட்சையில் மதிப்பெண் குறைந்ததால்தான் அப்பா குடித்தார் என்று நம்பிக்கொண்டிருக்கும் குழந்தைகள் உண்டு. ‘அப்பா என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு வந்து சொல்’ என்று பிள்ளையை வேவு பார்க்க அனுப்பாதீர்கள்.

போதையை விட்டவர்கள் கூடிப் பேசும் சுய உதவிக் கூட்டங்களுக்குப் போவது கட்டாயமா?

கட்டாயம் இல்லை, ஆனால் முயன்று பார்க்காமல் ஒதுக்க வேண்டாம். 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் சந்தித்ததில் பிறந்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், இருவருமே குடிநோயாளிகள். கட்டணம் கிடையாது, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. குடும்பத்தாருக்கான அல்-அனான் 1951-இலும், பிற போதைப் பொருள்களிலிருந்து மீள்வோருக்கான நார்காட்டிக்ஸ் அனானிமஸ் 1953-இலும் உருவாயின. தொடர்ந்து குடிக்காமலிருப்பதற்கு, இந்தக் கூட்டங்களோடு இணைக்கும் சிகிச்சை முறைகள் மற்ற சில முறைகளைவிடக் கூடுதலாக உதவுகின்றன என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு கண்டது. அங்கே பேசப்படும் ‘மேலான சக்தி’ உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் சமயச் சார்பற்ற குழுக்களும் இருக்கின்றன. முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்றால் வேறொரு குழுவில் இன்னும் சில முறை அமர்ந்து பாருங்கள்.

நேற்று குடித்துவிட்டார். எல்லாம் வீணாகிவிட்டதா?

இல்லை. ஆனால் வீணாகிவிட்டது என்ற எண்ணமே ஒரு நாள் சறுக்கலை ஒரு மாதக் குடியாக மாற்றுகிறது என்பதை மார்லட் விரிவாக விளக்கியிருக்கிறார். ‘ஒரு டம்ளரோடு விரதம் முறிந்துவிட்டது, இனி ஒன்றானால் என்ன, பத்தானால் என்ன?’ என்று மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்கை முறிக்க வேண்டியது உடனடி வேலை.

போதையில் இருக்கும்போது விசாரணை நடத்தாதீர்கள். அன்றிரவு பேசிய எதுவும் மறுநாள் இருவருக்கும் உதவாது. காலையில் மையத்தையோ ஆலோசகரையோ அழையுங்கள். எங்கே, யாருடன், எதற்குப் பின் என்பதை வழக்காக நடத்தாமல் தகவலாகக் குறித்துக்கொள்ளுங்கள். பல நாட்கள் தொடர்ந்து குடித்திருந்தால், வீட்டில் பூட்டி வைத்துத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். வலிப்பு வரக்கூடும், மருத்துவமனைக்கே கொண்டு செல்ல வேண்டும்.

அடித்தல், மிரட்டல், பொருட்களை உடைத்தல் நடந்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். நோய் என்பது அதற்கு மன்னிப்பு ஆகாது. பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குச் செல்வதே முதல் வேலை. ‘நான் இருந்து என்ன பயன்?’ என்பது போல அவர் பேசினால், குடித்துவிட்டு உளறுகிறார் என்று தள்ளாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவரை தனியே விட வேண்டாம்.

புகைப்பிடிப்பதையும் சேர்த்து விடலாமா?

விடலாம். புகையையும் விட்டால் குடி திரும்பிவிடும் என்ற பழைய அச்சத்தை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை.

மறுபரிசோதனைக்கு வர மறுக்கிறார். நாங்கள் என்ன செய்ய முடியும்?

நீங்கள் மட்டும் போகலாம். அந்த நேரத்தை ரத்து செய்யாதீர்கள். நோயாளி வராதபோதும் குடும்பத்தாருக்குப் பயிற்சி அளித்து, அவர்கள் பேசும் முறையையும் நடந்துகொள்ளும் முறையையும் மாற்றுவதன் வழியே நோயாளியைச் சிகிச்சைக்குக் கொண்டுவரும் முறையை ராபர்ட் மேயர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் உருவாக்கியிருக்கிறார்கள். அவர் குடிக்காத நேரத்தில் நன்றாகப் பேசுவது, குடித்த நேரத்தில் சண்டை போடாமல் விலகிக்கொள்வது, குடியின் விளைவுகளை அவருக்காக மூடி மறைக்காமலிருப்பது ஆகியவை அதன் முக்கியப் பகுதிகள். அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து ‘காய்ச்சல்’ என்று நீங்கள் சொல்லும் பொய்யும் அந்த மறைப்பில் சேரும்.

போகும்போது அவர் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும், கடந்த வாரங்களில் நடந்ததைத் தேதி போட்டு எழுதிய ஒரு தாளையும் எடுத்துச் செல்லுங்கள். கிளம்புவதற்கு முன் அவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்: ‘இன்று பத்து மணிக்கு நான் போகிறேன், வருவதென்றால் வரலாம்.’ செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இரண்டு நிமிடம் நில்லுங்கள். வராவிட்டால் கோபம் காட்டாமல் போய்விட்டு வாருங்கள். அடுத்த முறையும் அப்படியே சொல்லுங்கள்.